சுக்கைக் குறைக்காதே

தம்பி, முதலில் ஒரு வேலை செய். அந்த டப்பாவை அச்சுக்கு அனுப்புவதை நிறுத்து. பிறகு உட்கார்ந்து இதைப் படி. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன். "சொல்லுங்கப்பா" என்று உன் குரல் வந்ததும் வாய் அடைத்துப்போய், மழை உண்டா, ஸ்வெட்டர் போட்டாயா என்று எதையாவது கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கடைசித் தடவை குன்னூரில் உருளைக்கிழங்கு விளைச்சல் எப்படி என்றுகூட விசாரித்தேன். உருளைக்கிழங்குக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று உனக்கே சந்தேகம் வந்திருக்கும். பத்தாவதோடு நின்றவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அம்மா இதைப் படித்துப் பார்த்த பிறகுதான் கூரியரில் போட விடுவாள். நான் சொல்வதை அவள் இப்போது முழுதாக நம்புவதில்லை. அதுவும் நியாயம்தான்.

நீ அனுப்பிய பார்சல் வியாழக்கிழமை வந்தது. லேபிள் ஒட்டாத கறுப்பு டின். மேலே உன் கையெழுத்தில் ஒரு சீட்டு. பால் வேண்டாம், சீனி வேண்டாம், கொதித்த தண்ணீரை ஊற்றி நான்கு நிமிடம் மூடி வைக்கணும், ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்த பிறகுதான் குடிக்கணும், அதுவரை திறக்கவே கூடாது. பாலும் சீனியும் இல்லாத டீயை நம் வீட்டில் வயிற்றுப்போக்கு வந்தவனுக்குத்தான் கொடுப்போம். ஆனால் இது உன் டீ. வெளிநாட்டில் கேக் வாசத்தில், ஐஸ்கிரீம் வாசத்தில் எல்லாம் டீத்தூள் விற்கிறார்கள், எங்கள் அப்பா கிண்டும் கடலைமிட்டாய்ப் பாகின் வாசத்தில் நான் ஏன் ஒன்று செய்யக் கூடாது என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். சின்ன வயதில் ரசத்தை உறிஞ்சிக் குடித்தால் உன் அம்மா உன் தலையில் குட்டுவாள். இப்போது அதே மாதிரி கரண்டியில் டீயை உறிஞ்சிக் குடிப்பதற்கு உனக்கு ஒரு கம்பெனி சம்பளம் தருகிறது. இந்த டீயை முதலில் ருசி பார்க்க வேண்டியவர் எங்கள் அப்பாதான், முப்பது வருடத்துக்கு மேல் பாகு கிண்டிய மூக்கு அது, என்று உன் மேலாளரிடம் சொல்லியிருக்கிறாய். டப்பாவின் பின்பக்கம் என் பெயரைப் போடுவதற்கும் சம்மதம் வாங்கிவிட்டாய்.

நீ திறக்காதே என்று சொன்ன டின்னை நான் வியாழக்கிழமையே திறந்தேன். உன் அம்மா கடைக்குப் போயிருந்தாள். மூக்கை உள்ளே விட்டு நன்றாக இழுத்தேன். தகரத்தின் குளிர்ச்சி மூக்கு நுனியில் பட்டது, அவ்வளவுதான். கொஞ்சம் வாயில் போட்டு மென்றேன். துவர்ப்பு. மறுபடி இழுத்தேன், தூள் ஏறித் தும்மல் வந்தது. தும்மல் வருகிறது, மணம் வரவில்லை. மூடியைத் திருகி, இருந்த இடத்திலேயே டின்னை வைத்துவிட்டேன்.

எட்டு மாதமாக எனக்கு வாசனை தெரியவில்லை. முதலில் சளி என்று நினைத்தேன். ஆவி பிடித்தேன், தைலம் தேய்த்தேன். சளி போன பிறகும் மணம் திரும்பவில்லை. சாப்பாட்டில் உப்பும் புளிப்பும் காரமும் தெரியும். அதற்கு மேல் அது கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். இங்கே கோவில்பட்டியில், கடலைமிட்டாய்க் கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும், நீ பள்ளி விடுமுறையில் வந்து பார்த்திருக்கிறாய். பாகின் பதத்தை நான் மூக்கால் பார்ப்பதில்லை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, இறுகியதும் எடுத்துத் தட்டில் போட்டால் கண்ணாடி மாதிரி 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் கணக்கு. காது நன்றாக இருந்ததால் மூக்கு போனதை மறைக்க முடிந்தது. ஆனால் கடலைக்குச் சத்தம் கிடையாது. மூன்று மாதத்துக்கு முன்னால் பழைய சரக்கு ஒன்று வந்திருக்கிறது, அதை வறுத்துப் பாகில் கொட்டித் தட்டில் பரப்பி வெட்டியும் முடித்துவிட்டேன். பாக்கெட் போடுகிற பெண்பிள்ளைகளில் ஒருத்தி கையில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, சிக்கு வாடை அடிக்கே. உங்களுக்குத் தெரியலையா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தெரியவில்லை அம்மா, நீ சொன்னது நல்லது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அவளைச் சத்தம் போட்டேன். பாகு கிண்டுகிறவன் நானா நீயா, உன் வேலையைப் பார் என்றேன். அவள் கண் கலங்கிப் போனாள். சாயங்காலம் முதலாளி ஒரு துண்டை வாயில் வைத்துத் துப்பினார். அந்தச் சரக்கு முழுவதும் குப்பைக்குப் போனது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, "ஒடம்பு சரியில்லையா அண்ணாச்சி" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண்ணிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். உனக்கு ஒன்று சொல்கிறேன், தம்பி. நீயும் நாலு பேருக்கு மேலே உட்கார்ந்து வேலை வாங்குகிற இடத்துக்கு வருவாய். பயந்தவன்தான் அதிகமாகக் கத்துவான். உனக்குக் கீழே இருக்கிறவனைப் பார்த்து நீ காரணமில்லாமல் கத்தினால், நமக்கு எதைக் கண்டு பயம் என்று அன்றைக்கே உன்னைக் கேட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நீ வீடியோவில் வந்தாய். புதுச் சட்டை போட்டு, தலை சீவி, ஏதோ பெண் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தாய். அம்மா டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். சிவப்பாக, ஆவி பறக்க. நான் ஒரு வாய் குடித்தேன். வெந்நீரில் துவர்ப்பு. நீ போனுக்குள் இருந்து எட்டி எட்டிப் பார்த்தாய்.

"மொதல்ல என்னப்பா வருது?"

"வெல்லம்லே. கொதி அடங்கும்போது வருமே, அந்த வாசம்."

"அப்புறம்?"

"வறுத்த கடலை. தோல் ஊதும்போது வருமே, அது."

"ஏலக்காய் முந்துதா, சுக்கு முந்துதா? உண்மையச் சொல்லுங்கப்பா."

"சுக்கு லேசா முந்துதுலே."

"நானும் அதான் நெனச்சேன்பா. கொறச்சிருதேன்."

உன் கண் கலங்கியிருந்தது. உலகத்திலேயே பெரிய பரிசு வாங்கிய மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டாய். நான் ஒவ்வொரு வாசமாக ஞாபகத்தில் இருந்து எடுத்து உனக்குச் சொன்னேன். பாடம் ஒப்பிப்பது மாதிரிதான். போனை வைத்ததும், அப்பாடா தப்பித்தோம் என்று இருந்தது. உன் அம்மா எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பழக்கம்.

"இப்ப நீங்க குடிச்சது அவன் டீ இல்ல," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நம்ம தெனமும் போடுத தூளுதான். பால் ஊத்தாமக் கொடுத்தேன். அவன் டின்னு அந்தா அலமாரிலதான் இருக்கு."

"ஏன் இப்படிச் செஞ்ச?"

"போன மாசம் பால் பொங்கி, கருகி, தெருவே நாறிச்சு. அடுத்த வீட்டுக்காரி ஓடி வாரா. நீங்க அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கீய. அன்னைலேர்ந்து எனக்கு மனசு சரியில்ல. எத்தன நாளா இப்படி?"

நான் டம்ளரை நகர்த்தி வைத்தேன். "அந்தப் பிள்ளை நீங்க சொன்னத எழுதிக்கிட்டான், பாத்தீயளா?" என்று அவள் அடுத்துக் கேட்டாள். பார்த்தேன். நீ பேனாவை எடுத்து 'சுக்கு' என்று எழுதியதைப் பார்த்தேன். குடிக்காத டீக்குக் குறை சொல்லி, இரண்டு வருடம் நீ உட்கார்ந்து செய்ததை ஒரு வாயில் கெடுத்தேன். நான் உனக்குச் செய்தது இதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பொழுது சாயும்போது அவள் எனக்குத் திருஷ்டி கழித்தாள். பாகு மாஸ்டர் பிள்ளை குன்னூரில் பெரிய வேலை, அதுதான் ஊர்க்கண் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. வற்றல் மிளகாயும் கல் உப்பும் எடுத்து என் தலையை மூன்று தடவை சுற்றி, பின்வாசலில் கொட்டாங்கச்சிக் கங்கில் போட்டாள். உனக்குத் தெரியுமே, கண் பட்டிருந்தால் மிளகாய் எரிந்தாலும் நெடி வராது என்பார்கள். வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"ஏட்டி, நெடி ஏறுது. மூக்கு இருக்கு, மூக்கு இருக்கு."

நான் இருமிக்கொண்டே சிரித்தேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நெடி வந்துவிட்டதே, அப்படியானால் இது கண் இல்லையே, வேறு என்னவோ அல்லவா என்று. ஒரே புகையில் நான் பிழைத்தேன் என்று நினைத்தேன், அவள் நான் போனேன் என்று நினைத்தாள். மறுநாள் காது மூக்கு டாக்டரிடம் போனபோது அவள் நினைத்ததுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. கமறுவது வேறு நரம்பு, மணப்பது வேறு நரம்பு என்றார் அவர். குழாய் விட்டுப் பார்த்தார். மூக்கில் சதை வளரவில்லை, அடைப்பு இல்லை. பழைய காய்ச்சல் காரணமாக இருக்கலாம், வருடக்கணக்காகக் குடித்த அடுப்புப் புகை காரணமாக இருக்கலாம், வெறும் வயது காரணமாகவும் இருக்கலாம் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, சும்மா கேட்கிற மாதிரி, "குடும்பத்துல யாருக்காவது ஞாபக மறதி நோய் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல சார்," என்றேன்.

"இவிய அண்ணனுக்கு இருந்துச்சு," என்றாள் உன் அம்மா.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திருநெல்வேலியில் நரம்பு டாக்டர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பயப்பட வேண்டாம், பார்த்துவிடுவது நல்லது என்றார். பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு பயப்படாத ஆள் யாராவது இருந்தால் எனக்குக் காட்டு.

உன் பெரியப்பாவை உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். விளாத்திகுளம் பக்கம் மிளகாயும் பருத்தியும் போட்டுக்கொண்டு, ஞாயிறுதோறும் உனக்குச் சீனி மிட்டாய் வாங்கி வருவாரே. அவருக்கு எப்படி ஆரம்பித்தது என்று உன்னிடம் யாரும் சொன்னதில்லை. ஒரு பொங்கலுக்கு மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஊசிப்போன சாம்பாரை அவர் மட்டும் ஊற்றிப் பிசைந்து ரசித்துச் சாப்பிட்டார். "அவிய நாக்கு செத்துப்போச்சு" என்று சிரித்தோம். முதலில் சிரித்தவன் நான். அடுத்த வருடம் ஆட்டுக்கிடை நாற்றம் தெரியவில்லை என்றார், அதற்கும் சிரித்தோம். அதற்கப்புறம் பெயர்கள் போயின. அப்புறம் வழி போனது. வாசனைதான் முதலில் போனது, தம்பி. எட்டு மாதமாக நான் இதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாவி எங்கே என்று தேடினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. தெருவில் எதிரே வருகிறவன் பெயர் வாயில் வரக் கொஞ்சம் தாமதமானால் வியர்த்துவிடுகிறது. தினமும் காலையில் பல் தேய்க்கும்போது உன் பிறந்த நாளை, உன் போன் நம்பரை, உன் ஐந்தாம் வகுப்பு டீச்சர் பெயரை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். இன்றைக்குவரை தப்பில்லை.

ஒரு கார்த்திகை மாதம் பெரியப்பாவைக் காணோம் என்று நீயும் நானும் வண்டியில் போய்த் தேடினோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது பிளஸ் டூ. உன்னை ரோட்டில் வண்டியோடு நிறுத்திவிட்டு நான் மட்டும் காட்டுக்குள் இறங்கினேன். முந்தின நாள் மழை. கரிசல் காலைப் பிடித்து இழுக்கிறது, ஒவ்வொரு எட்டுக்கும் செருப்பில் ஒரு படி மண். அவர் நடுக்காட்டில் கணுக்கால் வரை புதைந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. நான் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்து, கையைக் கூப்பி, மரியாதையாக, "நீங்க எந்த ஊரு அண்ணாச்சி?" என்று கேட்டார். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டேன். அவர் அழவில்லை, திருப்பிக் கேட்கவும் இல்லை. நான் ஏதோ பதில் சொல்லிவிட்டேன் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்து வந்தார். வண்டியில் ஏறும்போது நீ கேட்டாய், "பெரியப்பா கன்னம் ஏன்பா செவந்திருக்கு?" என்று. "கருவேல முள்ளு கீறிருச்சு" என்றேன். நீ எச்சில் தொட்டுத் தடவிவிட்டாய். அது உனக்குச் சொன்ன முதல் பொய். டீ இரண்டாவது. நடுவில் சொன்ன சில்லறையை விட்டுவிடு. இரண்டுமே பயத்தில் சொன்னதுதான். அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவர் கண்ணில் நான் இல்லையே என்ற பயம்.

நேற்று உன் அம்மா உன் டின்னை எடுத்து, நீ எழுதிய சீட்டைப் பார்த்து, கடிகாரம் வைத்து நான்கு நிமிடம் மூடி வைத்து, உன் டீயைப் போட்டாள். இரண்டு டம்ளர். நான் குடித்தேன், எனக்கு வெந்நீரும் துவர்ப்பும்தான். அவள் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள், குடிக்காமல் மூக்கருகிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குடித்தாள். டம்ளரை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனாள். எனக்கு அதுவே பயமாகிவிட்டது.

"என்னட்டி, நல்லா இல்லையா?"

"நீங்க வேலை முடிஞ்சு வந்து சட்டையக் கழட்டிப் போடுவீயள்ல. அந்தச் சட்டை மணக்குது."

இன்னொரு வாய் குடித்தாள். "சுக்கு சரியாத்தான் இருக்கு. அவங்கிட்ட எதையும் கொறைக்கச் சொல்லாதீய," என்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முப்பது வருடம் என் சட்டையைத் துவைத்தவள். உன் டீயை ருசி பார்க்கத் தகுதியான ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, நீயும் நானும் அவளை டம்ளர் கொண்டுவரச் சொல்லிவிட்டு வெட்டியாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஆகவே சுக்கைக் குறைக்காதே. குறைத்திருந்தால் பழையபடி போடு. டப்பாவில் யார் பெயராவது போடத்தான் வேண்டும் என்றால் அவள் பெயரைப் போடு. உன் மேலாளரிடம் உண்மையைச் சொல். எங்கப்பாவுக்கு மூக்கு போய்விட்டது, வெட்கத்தில் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று சொல். நீ சொல்லிவிட்டால் எனக்கும் அந்தப் பாக்கெட் போடுகிற பிள்ளையிடம் போய்ச் சொல்லத் தைரியம் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அடுத்த புதன்கிழமை திருநெல்வேலி டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். உனக்கு லீவு கிடைக்குமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். அம்மாவும் நானும் மட்டும் போனால், அவர் என்ன கேட்டாலும் நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பொய் சொல்ல மாட்டேன், இரண்டோடு போதும். ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லலாம். கரிசலில் மழை மாதிரி, வரும் என்று நினைத்தது வராமலும் போகும். அப்படிச் சொன்னால் ஜங்ஷன் பக்கத்தில் மூன்று பேரும் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு வருவோம், உன் டீயைப் பற்றி அம்மாவைப் பேசவிட்டு நான் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

வேறு மாதிரி சொன்னால், உன்னிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றுதான் இருக்கிறது, அதை இப்போதே, எல்லாம் ஞாபகம் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். என்றைக்காவது நான் உன்னைப் பார்த்துக் கையைக் கூப்பி, நீங்க எந்த ஊரு அண்ணாச்சி என்று கேட்டால், கோவில்பட்டி என்று சொல். திரும்பவும் கேட்டால் திரும்பவும் சொல். கை மட்டும் ஓங்கிவிடாதே, ஐயா.

உன் அப்பா